பாலைவனப் பந்தயத்துக்குத் துணை வண்டியில் போவது எப்படி? (பாஹா 1000)

கேள்வி, அக்டோபர் 11

அண்ணா, எங்கள் ஆபீஸில் ஒருவர் நவம்பரில் பாஹா 1000 ஓட்டப் போகிறார். பழைய ஃபோக்ஸ்வாகன் பீட்டில். பெட்ரோல், டயரோடு வழியில் காத்திருக்கும் துணை வண்டியில் என்னையும் வரச் சொல்கிறார். எனக்கு ஸ்பேனர் பிடிக்கக்கூடத் தெரியாது. ஓரமாக நின்று பந்தயம் பார்த்துவிட்டு வரலாமே என்றுதான் ஆசை. நீங்கள் போன வருடம் போய் வந்ததாக எழுதியிருந்தீர்கள். போகலாமா?

அக்டோபர் 11, இரவு

போகலாம். ஆனால் பந்தயம் பார்க்கிற ஆசையை மெக்சிகோ எல்லைக்கு இந்தப் பக்கம், அமெரிக்காவிலேயே இறக்கி வைத்துவிடுங்கள். ஒரு பகல், ஒரு இரவு, மறுநாள் பாதி என்று கிடந்ததில் எங்கள் வண்டியை நான் கண்ணால் பார்த்தது மொத்தம் கால் மணி நேரம் இருக்கும். மற்ற நேரமெல்லாம் தார்ச்சாலையில் ஓட்டிக்கொண்டிருந்தேன், அல்லது இருட்டில் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன்.

தெரியாதவர்களுக்கு: கலிஃபோர்னியாவுக்குக் கீழே வாலாகத் தொங்கும் மெக்சிகோ தீபகற்பம்தான் பாஹா. சில வருடம் என்செனாடாவில் புறப்பட்டு லா பாஸ் வரை ஓடும். 2017இல் ஐம்பதாம் பந்தயம் அப்படித்தான், 1,134 மைல். சில வருடம் என்செனாடாவிலேயே தொடங்கி அங்கேயே வந்து முடியும் சுற்று. எங்களுக்கு வாய்த்தது சுற்று, 800 மைலுக்கு மேல். 1000 என்பது பேருக்குத்தான்.

எங்கள் ஆள் என் பக்கத்து வீட்டுக்காரர், தச்சு வேலை செய்பவர். அவரும் பீட்டில்தான். 11ஆம் வகுப்பு என்பார்கள், ஏறக்குறைய கம்பெனியிலிருந்து வந்தபடியே இருக்க வேண்டும், 1600 சிசி இன்ஜின். அதே பாதையில் 900 குதிரைத்திறன் ட்ராஃபி ட்ரக்குகளும் ஓடுகின்றன. மேலூர் ரோட்டில் டிவிஎஸ் 50இல் போகும்போது ஆம்னி பஸ் உரசிப் போகுமே, அதுதான்.

ஸ்பேனர் தெரியாதது குறையே இல்லை. அது தெரிந்தவர்கள் குழுவில் எப்படியும் இருப்பார்கள். சொன்ன இடத்தில், சொன்ன சாமானோடு, தூங்காமல் நிற்க ஆள் கிடைப்பதுதான் கஷ்டம். எங்களுக்குக் கவிழ்ந்ததும் அதில்தான். த்ரினிதாத் ஊருக்கு வெளியே பந்தயப் பாதை நெடுஞ்சாலையைத் தொடும் இடத்தில் பெட்ரோலோடு நின்றிருந்தோம். நடு இரவில் ரேடியோ மக்கர் பண்ணியது. அவர் வருவது தெரியாமல் அவரைத் தேடிக் கிளம்பிவிட்டோம். நாங்கள் சாலையில் கிழக்கே போக, அவர் பாதையில் மேற்கே எங்களைத் தாண்டிப் போனார். காலி இடத்தைப் பார்த்துவிட்டு, கொஞ்ச நேரம் நின்று, பிறகு இருக்கிற பெட்ரோலில் போகலாம் என்று போய், 11 மைல் தள்ளி மலையில் நின்றுவிட்டார். அவரைக் கண்டுபிடிக்க நான்கு மணி நேரம். கெடு தாண்டிவிட்டது. முடிக்காதவர் பட்டியலில் பெயர். ரேடியோவை நம்பாதீர்கள் என்பதுதான் என் அனுபவம்.

அக்டோபர் 11, இன்னும் கொஞ்ச நேரம் கழித்து

பாஸ்போர்ட் பற்றி எழுத மறந்துவிட்டேன். இந்தியப் பாஸ்போர்ட்டில் செல்லுபடியாகும் அமெரிக்க விசாவோ கிரீன் கார்டோ இருந்தால் மெக்சிகோவுக்குத் தனி விசா வேண்டாம். ஆனால் சாலை வழியாகப் போனாலும் சுற்றுலா அனுமதிச் சீட்டு எடுக்க வேண்டும். எல்லையில் யாரும் நிறுத்திக் கேட்க மாட்டார்கள், நாமாக வண்டியை ஓரம் கட்டிப் போய் வாங்க வேண்டும். அமெரிக்கக் கார் இன்ஷூரன்ஸ் அங்கே செல்லாது. மெக்சிகோ இன்ஷூரன்ஸ் தனியாக எடுங்கள்.

அக்டோபர் 12

"விசா ஸ்டாம்ப் முடிந்திருந்தாலும் 30 நாளுக்குள் திரும்பிவிடலாமே" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். அது அமெரிக்காவுக்குள் திரும்பி வருவதற்கான சலுகை. முதலில் மெக்சிகோ உள்ளே விட வேண்டுமே. அதற்கு உயிரோடு இருக்கிற விசா வேண்டும். பந்தய வண்டிக்கு உதவப் போய் நீங்கள் நடுவழியில் நிற்காதீர்கள்.

அக்டோபர் 14

"அவ்வளவு நேரம் அங்கே என்னதான் செய்வீர்கள்?"

புள்ளியைப் பார்ப்போம். ஒவ்வொரு பந்தய வண்டியிலும் ஜிபிஎஸ் கருவி இருக்கும். வரைபடத்தில் வண்டி எண்ணோடு ஒரு புள்ளி. நகர்ந்தால் நிம்மதி. நின்றால் வயிற்றில் புளி. நின்றதற்கு ஆயிரம் காரணம் இருக்கலாம்: டயர் மாற்றுகிறார்கள், முன்னால் நாலு வண்டி சிக்கி வழி அடைத்திருக்கிறது, ஒன்றுக்குப் போயிருக்கிறார்கள், உருண்டிருக்கிறார்கள். நாலுக்கும் ஒரே புள்ளி. அதோடு அந்தப் புள்ளி காட்டுவது பழைய சேதியாகவும் இருக்கும். நம் போனுக்கு சிக்னல் இல்லாவிட்டால் அதுவும் இல்லை. இப்போது செயற்கைக்கோள் இணையத் தட்டை வண்டிக் கூரையில் வைத்துக்கொண்டு வருகிறார்கள். எங்களிடம் இல்லை.

அப்புறம் குளிர். பாலைவனம் என்றதும் நான் தொப்பியும் சன்ஸ்கிரீனும் எடுத்துப் போனேன். நவம்பர் இரவில் அந்த மேட்டு நிலத்தில் பல் கிட்டிப்போகும். மங்கி குல்லா எடுத்துப் போங்கள் தம்பி. கொடைக்கானலுக்கு வாங்கினது வீட்டில் கிடக்கும். யாரும் சிரிக்க மாட்டார்கள், கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்வார்கள்.

புழுதியைச் சொல்லியே ஆக வேண்டும். மணல் இல்லை இது. மாவு மில்லில் தரையில் படிந்திருக்குமே, அந்தப் பதம். பார்த்தால் சமதரை மாதிரி தெரியும், கால் வைத்தால் முழங்கால் வரை உள்ளே போகும். அடியில் பாறை இருக்கிறதா குழி இருக்கிறதா தெரியாது. ஓட்டுபவர்களுக்கு ஹெல்மெட்டுக்குள் வடிகட்டிய காற்றை ஊத ஒரு குழாய் உண்டு. நமக்குக் கைக்குட்டைதான். ஒரு வாரம் காதுக்குள்ளிருந்து பாஹா வந்துகொண்டிருந்தது.

சாப்பாட்டுக்குப் புளியோதரை கட்டிக்கொண்டு போனேன். இரண்டு நாள் தாங்கியது. மூன்றாம் நாளும் நன்றாக இருந்ததாகப் பக்கத்துக் குழுவினர் சொன்னார்கள், ஏனென்றால் அவர்கள்தான் தின்று தீர்த்தார்கள்.

அக்டோபர் 15

டக்கார் ராலி மாதிரி இரவு முகாமில் எல்லோரும் சேர்ந்து வண்டியைப் பிரித்துப் போடுவோமா என்று கேள்வி. இல்லை. டக்கார் வேறு மாதிரி. 1978 டிசம்பர் கடைசியில் பாரிஸில் தொடங்கி, 2009 முதல் தென் அமெரிக்கா, 2020 முதல் சவுதி அரேபியா. அங்கே இரண்டு வாரம், தினம் ஒரு கட்டம், மாலையில் முகாமுக்கு வந்தால் குழு கைவைக்கலாம். பாஹாவில் கட்டமெல்லாம் கிடையாது. கொடி அசைந்ததிலிருந்து கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கும். தூங்கினாலும் ஓடும்.

டக்கார் பேச்சு வந்ததால்: ஷொர்ணூர்க்காரர் ஹரித் நோவா 2024இல் மோட்டார் சைக்கிளில் ராலி 2 வகுப்பை வென்றார், மொத்தத்தில் 11ஆவது. ஷெர்கோ டிவிஎஸ் அணி. மேலே டிவிஎஸ் 50 என்று கிண்டலாக எழுதினதற்கு ஓசூர் மன்னிக்கட்டும்.

அக்டோபர் 15, மாலை

பெட்ரோல் ஊற்றுவது பற்றி. கேனைத் தூக்கி ஊற்றுபவர் தீப்பிடிக்காத உடுப்பு போட்டிருக்க வேண்டும். இன்னொருவர் தீயணைப்பானின் பின்னை எடுத்துவிட்டு, முனையை வண்டிப் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு நிற்க வேண்டும். அந்த இன்னொருவர் நான். என் பதவியே அதுதான். எல்லோரும் ஜாக்கி, டயர், கண்ணாடி என்று பாய்வார்கள். நீங்கள் மட்டும் மரம் மாதிரி நிற்க வேண்டும். "கொஞ்சம் அந்த டயரைப் பிடி" என்று எவ்வளவு கத்தினாலும் நகரக் கூடாது. முதல் முறை நகர்ந்துவிட்டேன். வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

இன்னொன்று, இதில் விளையாட்டே வேண்டாம்: பந்தயப் பாதையில் எதிர்த்திசையில் ஒரு அடிகூடப் போகாதீர்கள். உங்கள் ஆள் அரை மைல் தள்ளி நின்றாலும் சரி. வளைவுக்கு அந்தப் பக்கம் ட்ராஃபி ட்ரக் வரும் வேகத்துக்கு நீங்கள் இருந்ததே அதற்குத் தெரியாது.

அக்டோபர் 19

பீட்டிலுக்கு உதிரி பாகம் எவ்வளவு கட்டிக்கொண்டு போவது என்று தம்பி கேட்டிருந்தார்.

நீங்கள் போவது பீட்டிலின் சொந்த ஊருக்கு. பழைய பீட்டில் கடைசியாக உற்பத்தியானது ஜெர்மனியில் இல்லை, மெக்சிகோவின் புவெப்லாவில், 2003 ஜூலையில். அங்கே அதற்குச் செல்லப் பெயர் வோச்சோ. எங்கள் ஆளுக்குப் போகும்போதே ஆக்சிலரேட்டர் கேபிள் அறுந்தது. கைவசம் கிளட்ச் கேபிள் இரண்டு இருந்தது, ஆக்சிலரேட்டர் கேபிள் இல்லை. அடுத்த வண்டியில் இருக்கிறது என்று நாங்களும், எங்களிடம் இருக்கிறது என்று அவர்களும் நினைத்திருந்தோம். அறுந்த முனையில் கம்பியைக் கட்டி, இன்னொரு முனையைக் கையில் சுற்றிக்கொண்டு, பக்கத்து இருக்கைக்காரர் இழுக்க இழுக்க ஓஹோஸ் நெக்ரோஸ் வரை வந்து சேர்ந்தார்கள். (ஓஹோஸ் என்றால் கண்கள், ஊர் பெயர் கருங்கண்கள். நான் முதல் நாள் முழுக்க யாரோ ஓஹோ என்று ஆச்சரியப்படுகிறார்கள் என்றே நினைத்தேன்.)

அங்கே ஒரு வீட்டு முற்றத்தில் சக்கரம் இல்லாத பச்சை வோச்சோ, மேலே கோழிகள். வீட்டுக்காரப் பெரியவரிடம் எங்கள் மெக்கானிக் ஸ்பானிஷில் இரண்டு வார்த்தைதான் பேசினார். பெரியவர் கோழிகளை விரட்டிவிட்டு, கீழே படுத்து, கேபிளை உருவிக் கொடுத்தார். காசு வேண்டாம் என்று சொல்லி ஒரு ஸ்டிக்கர் மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டார். அப்படிப்பட்ட ஊர்.

அக்டோபர் 20

என் மனைவி மேலே உள்ளதைப் படித்துவிட்டு, நான் ஊருக்கு வந்த அன்று வேறு மாதிரி சொன்னதாகச் சொல்கிறாள். சரி. ஸ்டிக்கர் கேட்டது அவர் பேரன். பெரியவர் 200 பெசோ வாங்கினார். கோழி முற்றத்தில் வைத்து ராத்திரி உருவிக் கொடுக்கும் கேபிளுக்கு அது நியாயமான விலை. ஆனால் ஸ்டிக்கர் விஷயம் நிஜம். வழியெல்லாம் பிள்ளைகள் "ஸ்டிக்கர், ஸ்டிக்கர்" என்று கை நீட்டிக்கொண்டு வருவார்கள். ஒரு கட்டு அச்சடித்துக்கொண்டு போங்கள்.

"ராத்திரி" என்பதும் தவறு, மாலை. வெளிச்சம் இருந்தது.

அக்டோபர் 22

சாலை. உண்மையில் ஆபத்து அதிகம் நமக்குத்தான். பந்தய வண்டியில் இருப்பவருக்குக் கூண்டு, ஐந்து முனைப் பெல்ட், ஹெல்மெட். துணை வண்டியில் இருப்பவருக்கு முப்பது மணி நேரத் தூக்கக் கலக்கமும் ஒரு கப் ஆறின காபியும். சாலை குறுகல், பல இடத்தில் ஓரமே கிடையாது, தார் முடிந்தால் பள்ளம். இரவில் மாடு படுத்திருக்கும், தார் சூடாக இருக்கும் என்பதால். நம் ஊர் மாடாவது ஹாரனுக்குக் காதை ஆட்டும்.

முன்னால் போகும் லாரி இடது இண்டிகேட்டர் போட்டால் "தாண்டிப் போ" என்றும் அர்த்தம், "இடப்பக்கம் திரும்புகிறேன்" என்றும் அர்த்தம். எது என்று தாண்டும்போது தெரியும். இரண்டு பேர் மாற்றி மாற்றி ஓட்டுங்கள். ஓட்டாதவர் கட்டாயம் தூங்க வேண்டும், பேச்சுத் துணைக்கு விழித்திருக்கக் கூடாது. நாங்கள் இரண்டு பேரும் விழித்திருந்து பேசிப் பேசி, கடைசியில் தேவைப்பட்ட நேரத்தில் இரண்டு பேருக்கும் மூளை வேலை செய்யவில்லை.

பெட்ரோல் பங்க் பார்த்த இடத்தில் எல்லாம் நிரப்புங்கள். லா பாஸ் வரை ஓடும் வருடம் என்றால் எல் ரொசாரியோவுக்குத் தெற்கே ஏறக்குறைய 200 மைலுக்குப் பங்க்கை நம்ப முடியாது. கட்டவிஞ்யாவில் சாலையோரம் கேனில் விற்பார்கள், அவ்வளவுதான்.

அக்டோபர் 23

பழைய கதை ஒன்று, தூக்கம் வரவில்லை. 1962இல் டேவ் எக்கின்ஸ் என்பவர் ஹோண்டா மோட்டார் சைக்கிளில் திஹுவானாவிலிருந்து லா பாஸ் போனார், ஏறத்தாழ 40 மணி நேரம். போனதை நம்ப வேண்டுமே. திஹுவானா தந்தி அலுவலகத்தில் நேர முத்திரை, லா பாஸ் தந்தி அலுவலகத்தில் நேர முத்திரை. நடுவில் ஆள் எங்கே இருக்கிறார் என்று யாருக்கும் தெரியாது. 1967இல் முதல் பந்தயம். விக் வில்சனும் டெட் மாங்கல்ஸும் மேயர்ஸ் மாங்க்ஸ் என்ற திறந்த மணல் வண்டியில் 27 மணி 38 நிமிடத்தில் ஜெயித்தார்கள். அந்த மாங்க்ஸும் பீட்டிலின் அடிச்சட்டத்தில் செய்ததுதான்.

அப்போது கரையில் காத்திருந்தவர்கள் பாடு என்னவாக இருந்திருக்கும் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். புள்ளி இல்லை, போன் இல்லை. ஒன்று வருவார், இல்லை வரமாட்டார். நின்ற இடத்தை விட்டு நகர அவர்களுக்குக் காரணமே கிடைத்திருக்காது.

அக்டோபர் 27

முதல் நாள் எழுதினதைத் திருத்த வேண்டும். நான்கு நாளாக எழுதவா வேண்டாமா என்று இருந்தேன்.

ரேடியோ மக்கர் பண்ணவில்லை.

அன்று இரவு எங்கள் ஆளின் புள்ளி சான் மத்தியாஸ் கணவாய்ப் பக்கம் ஒன்றரை மணி நேரமாக நின்றிருந்தது. மலை மறைவு, நேராக ரேடியோ எட்டாது. அதற்காகத்தான் மலை உச்சியில் உட்கார்ந்து எல்லோருடைய சேதியையும் வாங்கி மாற்றிச் சொல்ல ஆள் உண்டு. பல வருடம் அந்த வேலையைச் செய்தவர் பாப் ஸ்டைன்பெர்கர், வெதர்மேன் என்பதுதான் அவர் பெயராகவே ஆகிவிட்டது. (நம் சென்னை மழைக்குச் சொல்லும் வெதர்மேன் வேறு.) பந்தயத்தில் யாரிடம் கேட்டாலும் ரேடியோவை அந்த அலைவரிசையிலும் வைத்திருங்கள் என்பார்கள். வைத்திருந்தோம்.

இரவு 2 மணிக்கு அம்மா வாட்ஸ்அப்பில் கூப்பிட்டாள். மதுரையில் மதியம் மூன்றரை. த்ரினிதாத்தில் எப்படியோ ஒரு கோடு சிக்னல் வந்திருந்தது. சாப்பிட்டாயா, எங்கே இருக்கிறாய், அது என்ன பின்னால் கரகர சத்தம் என்றாள். கரகர சத்தம்தான் ரேடியோ. குறைத்தேன். பேசினேன், ஐந்து நிமிடம்தான். வைத்தேன். சத்தத்தைத் திரும்பக் கூட்டவில்லை.

முக்கால் மணி நேரம் கழித்து, ஒன்றும் சேதி இல்லை, புள்ளியும் நகரவில்லை, நாம் போய்ப் பார்த்துவிடலாம் என்று சொன்னதும் நான்தான். கூட இருந்தவர் "நில்லுடா" என்கிற அர்த்தத்தில் ஏதோ சொன்னார். நான் சாவியைப் போட்டுவிட்டேன். ஏதாவது செய்தாக வேண்டும் என்று கை பரபரத்தது. சும்மா இருப்பது குற்றம் மாதிரி தோன்றியது.

மலை உச்சியிலிருந்து எங்கள் வண்டி எண்ணை மூன்று முறை கூப்பிட்டிருக்கிறார்கள். "கிளம்பிவிட்டார், பெட்ரோல் மட்டும் போதும்." ரேடியோ சத்த அளவு 1இல் முணுமுணுத்துக்கொண்டிருந்தது.

அக்டோபர் 27, இரவு

தனிச் செய்தியில் மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள்: அவரிடம் சொன்னீர்களா?

இன்று காலை சொன்னேன். வேலிக்கு அந்தப் பக்கம் பலகைக்கு வார்னிஷ் அடித்துக்கொண்டிருந்தார். அவருக்கு முன்பே தெரியும். கூப்பிட்ட மூன்று முறையும் அவர் வண்டி ரேடியோவில் அவருக்கே கேட்டிருக்கிறது. ஒரு வருடமாக எங்கள் வீட்டில் வந்து தோசை சாப்பிடுகிறார், ஒரு வார்த்தை சொன்னதில்லை. "இந்த வருடமும் த்ரினிதாத்தில் நீதான்" என்றார். பிறகு பிரஷ்ஷைத் தோய்த்தார்.

அக்டோபர் 28

அம்மா மேல் பழி போடுகிறீர்களே என்று ஒருவர். போடவில்லை ஐயா. அவள் கேட்டது சாப்பிட்டாயா என்றுதான்.

நவம்பர் 6

தம்பி, உங்கள் குழுவும் த்ரினிதாத்தில்தான் நிற்கப் போகிறது என்று பார்த்தேன். நல்லது. கறுப்பு நிற பிக்கப், பின்னால் மஞ்சள் தார்ப்பாய். புளியோதரை இரண்டு டப்பா.

ஆக்சிலரேட்டர் கேபிள் நான்கு வாங்கியிருக்கிறேன். வண்டிக்கு இரண்டாகப் பிரித்து, எதில் எத்தனை என்று எழுதி ஒட்டியாகிவிட்டது.

நவம்பர் 24

வந்து சேர்ந்தோம். சான் இசித்ரோ எல்லையில் மூன்றே கால் மணி நேரம் வரிசை. சுருக்கமாக:

இரவு 1 மணிக்குப் புள்ளி நின்றது. ஏறக்குறைய போன வருடம் நின்ற அதே இடம். ரேடியோ சத்தம் முழுசாக, போன் கையுறைப் பெட்டிக்குள். அம்மாவிடம் முன்பே சொல்லி வைத்திருந்தேன். 2 மணி, 3 மணி. நாலு மணிக்குக் கூட இருந்தவரே போய்ப் பார்க்கலாமா என்றார். நான் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. தீயணைப்பானை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், பைத்தியக்காரன் மாதிரி. தம்பிதான் சாட்சி.

ஐந்தே முக்காலுக்குச் சேதி வந்தது. முன் அச்சுக் குழாய் இரண்டாக உடைந்துவிட்டது, கயிறு கட்டி இழுத்துக்கொண்டு சான் ஃபெலிப்பே பக்கம் போகிறார்கள், நாங்கள் கிளம்பலாம் என்று. அவர் வரவே இல்லை. நான்கு கேபிளும் உறை பிரிக்காமல் இருக்கின்றன.

தம்பி, உங்கள் ஆள் முடித்துவிட்டார் என்று பட்டியலில் பார்த்தேன், சந்தோஷம். அவருக்கு நம் கேன் பெட்ரோலைக் கொடுத்தது பற்றி எங்கள் ஆளிடம் சொல்லிவிட்டேன், காசு வேண்டாம் என்றார். உங்கள் மங்கி குல்லா என் வண்டியில் கிடக்கிறது. உதறி வைத்திருக்கிறேன், துவைக்கவில்லை. சனிக்கிழமை வந்து எடுத்துக்கொள்ளுங்கள்.